பதினேழு சதவீதம்

ஹாஸ்டல் பட்டியலில் இருபத்து மூன்று பொருள்கள்.
வாளி, மக், பூட்டு ஒன்று, சாவி இரண்டு,
வெள்ளைப் போர்வை, பாஸ்போர்ட் அளவில் பத்துப் படம்.
எல்லாம் வாங்கியாயிற்று.
மூச்சு பட்டியலில் இல்லை,
அதை யாரும் வாங்கித் தரவில்லை.

அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்.
ஒரு நெல்லைக் கடித்தே சொல்லிவிடுவார்
பதினாறா பதினெட்டா என்று.
பதினேழுக்கு மேல் ஈரம் இருந்தால்
களத்திலேயே கிடக்க வேண்டியதுதான்.
என் உள்ளங்கையை அவர் கடித்துப் பார்த்ததில்லை.
மாற்றுச் சான்றிதழில்
நான் பிடித்த மூலை மட்டும்
மை கலங்கியிருக்கிறது.

அதில் என் பெயர் தேன்மலர்.
சாதிச் சான்றிதழில் தென்மலர்.
இ-சேவை மையத்துப் பையன்
ஒரு சுழியைத் தின்றுவிட்டான்.
ஒரு எழுத்துதானே என்கிறார்கள்.
ராத்திரி இரண்டு மணிக்கு
அந்த ஒரு எழுத்து
நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கும்போது
வந்து பார்க்கட்டும்.

மன்னார்குடி பெரியாஸ்பத்திரிக்கு
வியாழக்கிழமை மட்டும் வரும் டாக்டர்
அரை மாத்திரையும் வீட்டுப்பாடமும் தந்தார்:
திருச்சிக்கு ஒரே நாளில் போகாதே,
கொஞ்சம் கொஞ்சமாகப் போ.

முதல் நாள்
நிறுத்தம் வரை நடந்து
பஸ்ஸைப் பார்த்துவிட்டு வந்தேன்.
இரண்டாம் நாள் ஏறி, அடுத்த ஊரில் இறங்கினேன்.
மூன்றாம் நாள் நான்கு நிறுத்தம்.
"எதையாச்சும் மறந்துட்டியாம்மா?" என்றார் கண்டக்டர்.
பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ்.
பயத்துக்குச் செலவு இல்லை.

நான்காம் நாள் நீடாமங்கலம் கேட்.
மாட்டியவர்களுக்குத் தெரியும்,
சாத்தினால் சாத்தியதுதான்.
நெல் ஏற்றிய சரக்கு ரயில்
முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம்,
எந்தப் பாடம் எடுப்பதென்று
மே மாதம் முழுக்க நான் இருந்த மாதிரி.
டிரைவர் எஞ்சினை அணைத்தார்.
காற்றும் அணைந்தது.
முதலில் விரல் நுனி.
பிறகு காது.
பிறகு பஸ்ஸில் எல்லோரும்
இருந்த இடத்திலேயே தூரமாய்ப் போனார்கள்.
இதோ, செத்துப்போகப் போகிறேன்,
வாளி ஸ்டிக்கர்கூடக் கிழிக்காமல்,
தென்மலராகவே.

"தங்கச்சி, இத செத்த புடி."
பக்கத்து சீட்டு அக்கா
ஒரு வாத்தை என் மடியில் வைத்துவிட்டு
வெள்ளரிப்பிஞ்சு வாங்க இறங்கிவிட்டாள்.
வாத்து பிடிக்கத் தெரியுமா என்று
கேட்கவே இல்லை.
கால் இரண்டையும் சணலால் கட்டியிருந்தது.
ஃபைல் மேல் உட்கார்ந்து
ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.
இறக்கைக்கு அடியில் கை வைத்தேன்.
அடேயப்பா.
என்னுடையதைவிட இரண்டு மடங்கு
அடித்துக்கொண்டிருந்தது.

ரயில் பெட்டிகளை நான் எண்ணவில்லை.
டாக்டர் எண்ணச் சொல்லியிருந்தார்.
வாத்து விழுந்துவிடக் கூடாது,
அவ்வளவுதான் எனக்கு அப்போது உலகம்.
கேட் திறந்தபோது கவனித்தேன்,
சாவதைப் பாதியில் விட்டிருந்தேன்.

அக்கா பாதிப் பிஞ்சை ஒடித்துத் தந்தாள், மிளகாய்த்தூளோடு.
"எங்க கொண்டுபோறீங்க?"
"கொழம்புக்கு."
அதற்குமேல் நான் பேசவில்லை.
வாத்தும்.

ஃபைல் உறையில் பச்சையாய் ஒரு கறை.
கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துக்கு
மூன்று நாள் அலைந்தவள் நான்.
இது கேட்காமலே போட்டிருந்தது.

வெண்ணாற்றுப் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
மேட்டூரில் திறந்து நான்கு நாளாம்,
இங்கே இன்னும் மணல்தான்,
ஒரு பையன் நடு ஆற்றில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான்.
எதிர்ப்பக்கம் பஸ் ஏறினேன்.

இன்றைக்கும் இரண்டு மணிக்கு விழிப்பு வரும்.
அந்த எழுத்து வரும்.
அதையெல்லாம் வாத்து தூக்கிக்கொண்டு போய்விடவில்லை.

ராத்திரி அப்பா
ஈரத்துணியால் ஃபைலைத் துடைத்தார்,
முகர்ந்து பார்த்தார்.
"வாத்தா?"
"ம்."
சான்றிதழின் கலங்கிய மூலையைக்
கட்டைவிரலால் ஒருமுறை தடவினார்.
பதினாறு, பதினெட்டு எதுவும் சொல்லவில்லை.
"நாளைக்கு எது வரைக்கும்?"
"தஞ்சாவூர்."